அட்டவணையைக் கீழிருந்து படித்தவர்

எந்த அட்டவணையைக் கையில் கொடுத்தாலும் அவர் கீழிருந்துதான் படிப்பார். நாங்கள் எல்லோரும் முதல் வரியில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். அவர் கடைசி வரியில் விரலை வைத்து மெல்ல மேலே ஏறி வருவார். பாதியில் எங்காவது விரல் நின்றுவிட்டால், அன்றைக்கு யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போக முடியாது.

தொம்மலூரில் பழைய ஊர்ப்பக்கம் திரும்புகிற சந்து ஒன்றில், ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. எந்த வட்டாரம் ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று கேட்டு வாங்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அறிக்கையாகக் கொடுப்பது எங்கள் தொழில். கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள், அரசு ஆராய்ச்சிப் பண்ணைகள் என்று எல்லோருக்கும் படிவம் போகும். திரும்பி வருவதை அவர் அட்டவணையாக்குவார். அதை மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுதித் தருவது என் வேலை. நான் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரன். ஈஜிபுராவில் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘எடிட்டர்’ என்பார். நான் கொஞ்ச நாள் மேடம் என்று சொல்லிவிட்டு, பிறகு அக்கா என்று ஆரம்பித்துவிட்டேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான்.

காட்டன் புடவை கட்டி, காலில் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். பார்க்கிறவர்கள் சிரித்தால், “புடவை ஆபீசுக்கு, ஷூ பெங்களூர் ஃபுட்பாத்துக்கு” என்பார். தோளில் ஒரு பெரிய துணிப்பை. மதியம் கீழே இறங்கினால் எப்போதும் ஒன் பை டூ காபிதான். முழுக் காபியைத் தனியாகக் குடித்து நான் பார்த்ததில்லை. கூட வருவதற்கு ஆள் இல்லாவிட்டால் கடையில் நிற்கிற யாரையாவது கூட்டுச் சேர்த்துக்கொள்வார்.

அவரிடம் எதையும் உயர்வாகச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. “இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி” என்று யாராவது சொன்னால், காபியை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு, “எதோட வெச்சு?” என்று கேட்பார். வம்புக்காகக் கேட்பதில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. போன வருஷத்தோடு வைத்தா, சென்னையோடு வைத்தா, அல்லது சொல்கிறவர் புதிதாகக் குடிவந்திருக்கும் மொட்டைமாடி அறையோடு வைத்தா?

இது எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் சர்ஜாபூர் ரோட்டில் ஃபிளாட் வாங்கிவிட்டு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். சல்லிசாகக் கிடைத்தது என்று சொல்லிவிட்டான், பாவம். சாப்பாட்டு நேரம் முழுக்க அவர் விசாரித்தார். தண்ணீர் லாரிக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு, அதே விலைக்கு வேறு எங்கே என்ன இருக்கிறது? அவன் முகம் வாடிக்கொண்டே போனதை அவர் கவனிக்கவில்லை. ஸ்வீட்டை மட்டும் இரண்டாவது முறையும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அதே குணம்தான் என் மகளைக் காப்பாற்றியது. அவளை எட்டாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் பத்தாம் வகுப்பில் எல்லோருமே பாஸ் என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் சிலர் தவறிப்போவார்கள். என் மனைவி பேனர் கட்டிய பள்ளிதான் என்று முடிவே செய்துவிட்டாள். இதை அவரிடம் சொன்னேன். அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து காபிக் கடையில் ஆரம்பித்தார்.

“சாயங்காலம் பெல் அடிக்கறப்ப ரெண்டு கேட்லயும் போய் நின்னேன் எடிட்டர்.”

“எதுக்குக்கா?”

“பசங்களைப் பாக்க. உங்க ‘எல்லாரும் பாஸ்’ ஸ்கூல்ல எட்டாவது பசங்க கூட்டமா வெளிய வராங்க. பத்தாவது பசங்க மொத்தமே நாலஞ்சு பேர்தான் வராங்க. மிச்சம் பேர் எங்கன்னு வாட்ச்மேனைக் கேட்டேன். சரியா படிக்காதவங்களை ஒன்பதாவதுலயே டி.சி. கொடுத்து அனுப்பிடுவாங்களாம்.”

“இன்னொரு ஸ்கூல்?”

“அங்க சேர்ந்தவங்க கடைசிவரைக்கும் இருக்காங்க. அதனாலதான் சில பேர் தவறிப் போறாங்க.”

“அப்ப எதுல சேர்க்கட்டும்?”

“அது உங்க இஷ்டம். நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன், அவ்ளோதான்.”

நாங்கள் இரண்டாவது பள்ளியில் சேர்த்தோம். என் மகளுக்கு ஒன்பதாவதில் கணக்கு தடுமாறியது. அந்த வருஷம் அவளை யாரும் வெளியே அனுப்பவில்லை. அதற்குப் பிறகு என் மனைவி வீட்டில் மீன் குழம்பு வைத்தால் அவருக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவர் கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர். மூன்று தலைமுறையாக பெங்களூர். அப்பா ராணுவ மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற வேலை, அம்மா வீட்டு வேலை. இரண்டு பெண்கள். இருவரையும் தொடர்ந்து படிக்கவைக்க முடியாது என்ற நிலை வந்தபோது, அப்பா இருவருடைய மார்க் ஷீட்டையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாராம்.

“சின்னவதான் கெட்டின்னுட்டார். அவருக்கு அவ்ளோதான் தெரியும், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அக்கா காலைல அம்மா கூட ரெண்டு வீடு துடைச்சிட்டு ஸ்கூலுக்கு வந்தவ. நான் தூங்கி எழுந்து வந்தவ. ரெண்டு பேரும் எழுதினது ஒரே பரீட்சைன்னு எப்படிச் சொல்றது?”

அந்த அக்காவை நான் ஒரு புத்த பூர்ணிமா அன்று பார்த்தேன். அவர்கள் பௌத்தக் குடும்பம். சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வெள்ளைப் புடவையில் தங்கை மாதிரியே, ஆனால் இரண்டு மடங்கு உடம்போடு அக்கா இருந்தார். கார்மென்ட் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். சாப்பிடும்போது பேச்சு எப்படியோ படிப்புப் பக்கம் போய்விட்டது.

“இவ அந்தக் கதையைச் சொல்லாத ஆளே இல்ல தம்பி” என்றார் அக்கா. “எனக்குக் கணக்கு சுத்தமா வராது. நானேதான் போதும்னு நின்னேன். வேலைக்குப் போனேன், இந்த வீட்டைக் கட்டினேன். நான் என்னமோ அழிஞ்சுபோன மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா.”

“உனக்குக் கணக்கு வராதுன்னு யார் கண்டது? உன்னை உக்காரவே விடலையே.”

“முதல்ல தம்பிக்கு ரசம் ஊத்து.”

அவர் ரசம் ஊற்றினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பாயசம் வரும்வரை இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அக்கா சிரித்துக்கொண்டே பேசினார், தங்கை சிரிக்கவில்லை.

இனி அந்த அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். அவரை நான் மறக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஒரு நிதி அமைப்பு எங்களிடம் பெரிய வேலை ஒன்றைக் கொடுத்தது. கர்நாடகத்திலும் அதை ஒட்டிய எல்லை மாவட்டங்களிலும் எந்த வட்டாரம் ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று ஒப்பிட்டுத் தர வேண்டும். அதை வைத்து அவர்கள் அடுத்த சில வருஷங்களுக்குப் பணத்தைப் பங்கிடுவார்கள். ஆராய்ச்சியே நடக்காத சின்னச் சின்ன மையங்களை நகரத்தில் உள்ள பெரிய மையங்களோடு சேர்த்துவிடுவதாகவும் திட்டம். சில மாதம் உழைத்து முதல் அட்டவணை தயாரானது. உச்சியில் பெங்களூர், மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருந்தது. கீழே சில வறண்ட வட்டாரங்களில் பண்ணைகளுக்கு நேராக சைபர். எங்கள் டைரக்டர் மைசூர்க்காரர், நல்ல மனிதர். சந்தோஷமாகத் தலைப்பையே சொல்லிவிட்டார்: ‘ஆராய்ச்சியில் பெங்களூரே முதலிடம்.’ வெளியீட்டு விழாவுக்கு ஓட்டலில் ஹால் பதிவாகிவிட்டது. நானும் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டேன்.

அவர் வழக்கம்போல் கீழிருந்து மேலே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு உச்சியில் இன்னோர் இடத்தில் நின்றது.

“நாளைக்கு அத்திபெலே வரைக்கும் போகணும் எடிட்டர். வரீங்களா?”

பஸ்ஸில் போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். பம்பு தயாரிக்கிற கம்பெனி ஒன்று. ஆராய்ச்சிக்காக மிகப் பெரிய தொகையைக் காட்டியிருந்தது. தலைமை அலுவலகம் பெங்களூரில் இருப்பதால் அந்தத் தொகை முழுவதும் பெங்களூர்க் கணக்கில் ஏறியிருந்தது. ஆனால் அந்த விலாசத்தில் இருப்பது ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஒரே ஒரு மாடி. “அங்க பம்பை எங்க வெச்சு ஓட்டிப் பாப்பாங்க? கார்பெட் மேலயா?” என்று கேட்டார்.

அத்திபெலேயில் இறங்கி, எல்லை தாண்டி, ஓசூர்ப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் போனோம். பெரிய கொட்டகை ஒன்றில் பம்புகள் தண்ணீரைத் தொட்டிகளிலிருந்து உறிஞ்சித் தொட்டிகளுக்கே கொட்டிக்கொண்டிருந்தன. காது அடைக்கும் சத்தம். நடுத்தர வயது இன்ஜினியர் ஒருவர் எங்களை வெளியே மரத்தடிக்கு அழைத்துவந்து பேசினார்.

“சம்பளம் எங்கிருந்து சார் வருது உங்களுக்கு?”

“பெங்களூர் ஆபீஸ்லருந்து.”

“புது மாடலுக்கான சாமானெல்லாம்?”

“பில் அங்க போடுவாங்க. சாமான் இங்க இறங்கும்.”

“வேலை பண்றவங்க?”

“எல்லாரும் இந்தச் சுத்துவட்டாரம்தாங்க. எங்க கூட இருக்கறதுல பாதிப் பேர் சூளகிரி, பாகலூர்.” பிறகு அவரே கேட்டார். “ஏங்க மேடம், நாங்க எந்தக் கணக்குல வரோம்?”

“இப்போதைக்கு பெங்களூர்க் கணக்குல வரீங்க.”

அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இங்க இருந்து டிராஃபிக்ல அங்க போய்ச் சேரவே அரை நாள் ஆகுதே” என்றார்.

திரும்பி வந்ததும் அவர் இன்னொரு வேலை ஆரம்பித்தார். எங்கள் கம்ப்யூட்டர், படிவத்தில் வெறுமையாக விட்ட கட்டத்தையெல்லாம் சைபராக எடுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்து, காலியாக விட்டிருந்த ஒவ்வொரு பண்ணைக்கும், ஒவ்வொரு ஆய்வுக்கூடத்துக்கும் போன் செய்தார். வடக்கே, வெயிலுக்குப் பேர்போன மாவட்டம் ஒன்றில் சோளப் பயிர் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அதன் தலைவரோடு அவர் கன்னடத்தில் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“ஆராய்ச்சிச் செலவுக் கட்டத்துல ஒண்ணுமே எழுதலையே சார். ஏன்?”

“அப்படி எங்களுக்குத் தனியா பணமே வராதே மேடம். கூலின்னு வரும், டீசல்னு வரும், உரம்னு வரும். அதனால அந்தக் கட்டத்தை விட்டுட்டோம்.”

“அந்தக் கூலி எதுக்குக் கொடுக்கறீங்க?”

“மழை பொய்ச்ச வருஷத்துலயும் நிக்கற சோளம் எதுன்னு பாத்திட்டிருக்கோம். பாத்தி பாத்தியா தனித்தனியா அறுத்து எடை போடணும். அதுக்கு ஆள் வேணும்.”

“அது ஆராய்ச்சி இல்லையா சார்?”

“எங்களுக்கு அது வேலை மேடம்” என்றார் அவர். “அப்படி யாரும் கேட்டதில்ல.”

எத்தனை கூலி ஆராய்ச்சிக்கு, எத்தனை டீசல் ஆராய்ச்சிக்கு என்று பிரித்துச் சொல்ல அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். விழாவுக்கு இருந்ததோ சில நாட்கள். அவர் அட்டவணையைத் திருத்தினார். பம்புக் கம்பெனியின் செலவை ஓசூர்ப் பக்கம் மாற்றினார். தெரியாத இடங்களில் சைபரை எடுத்துவிட்டு ஒரு சின்னக் கோடு போட்டார். கீழே, ‘செலவு நடக்கிறது, அளவு தெரியவில்லை’ என்று குறிப்பு எழுதினார்.

நிதி அமைப்பிலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. டைரக்டர் அறையில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். புது அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்தார் வந்தவர்.

“இவ்வளவு மாத்தியும் பெங்களூர்தானே மேடம் முதல்ல இருக்கு?”

“ஆமா சார்.”

“அப்ப பழசுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பழசு பாக்க க்ளீனா இருந்தது. இந்தக் கோடெல்லாம் என்ன? வேலையை முடிக்காம விட்ட மாதிரி இருக்கு.”

“முடியலை சார். அதனாலதான் கோடு.”

“ஒரு சின்னப் பண்ணை மேடம். அதனால ஒண்ணும் ஆகாது.”

“இதை வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க சார்? சைபர் இருக்கறதைத்தான மூடப் போறீங்க?”

“மூடறதுன்னு சொல்லக் கூடாது. இணைக்கறது.”

“சரி, இணைக்கறது. அப்ப முதல்ல இருக்கறவங்களுக்கு இந்த அட்டவணையால ஒண்ணும் ஆகாது. கடைசில இருக்கறவங்களுக்குத்தான் ஆகும். நீங்களும் கீழயிருந்துதான் படிக்கப்போறீங்க. அங்க தப்பு இருக்கலாமா?”

வந்தவர் தாளை மேஜைமேல் வைத்தார். டைரக்டரைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று டைரக்டர் அவரை லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். மனசு கலங்கினால் அவர் பேச்சில் கன்னடம் கலந்துவிடும்.

“நீங்க சொல்றது சரிதாம்மா. சரி இல்லைன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா அடுத்த சர்வேயும் இவங்க கொடுத்தாத்தான் இங்க எல்லாருக்கும் சம்பளம். அது உங்களுக்குக் கொத்தில்லையா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் இவ்ளோ ஹட்டம் பிடிக்கறீங்க?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “என் பேரை எடுத்துட்டு சைபர் போட்டுக்கங்க சார். நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லமாட்டேன். இல்லன்னா கோடு போட்டு என் பேரைப் போடுங்க. ரெண்டுல எதுவானாலும் எனக்குக் கோவம் இல்ல. ஆனா சைபரும் என் பேரும் ஒரே தாள்ல வேணாம்.”

டைரக்டர் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. என் சம்பளமும் அந்த அறையில்தான் இருந்தது. என் மகளின் பள்ளிக் கட்டணமும் இருந்தது. அவர் பக்கம் பேச வேண்டும் என்று மனசு சொன்னது, டைரக்டர் பக்கம் நியாயமும் தெரிந்தது. கடைசியில் டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “ஆய்த்து. கோடே இருக்கட்டும். உங்க பேரும் இருக்கட்டும்” என்றார். அன்றைக்கு அந்த மனிதர் மீதும் எனக்கு மதிப்புக் கூடியது.

விழா நடந்தது. மறுநாள் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் பெங்களூர் முதலிடம் என்றுதான் வந்தது. கோடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு இல்லை. “அவங்களுக்கு மேல் வரி போதும் எடிட்டர். கீழ் வரி யாருக்கு வேணுமோ அவங்க படிப்பாங்க” என்று சொல்லிவிட்டு காபிக்குக் கிளம்பினார்.

நிதி அமைப்பு அடுத்த வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. அலுவலகத்தில் சிலரை அனுப்ப வேண்டிவந்தது. முதலில் அவர். டைரக்டரே அவர் மேஜைக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னார். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, “நீங்க உக்காருங்க சார், முட்டி வலின்னீங்களே” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். மாலையில் மேஜையைக் காலி செய்தபோது ஃபிளாட் வாங்கிய இளைஞன்தான் பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு கீழே இறங்கினான். ஆட்டோ ஏற்றிவிட்டு மேலே வந்தவனுக்குக் கண் சிவந்திருந்தது. என்னப்பா என்றேன். “தண்ணி லாரி வாடகைல சொசைட்டிக்காரங்க ஏமாத்தறாங்கன்னு அன்னைக்கே சொன்னாங்க சார். போன வாரம்தான் பிடிச்சோம்” என்றான்.

சில மாதங்களில் அவருக்கு ஈஜிபுராவில் ஒரு சிறுதொழில் சங்கத்தின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. என் வீட்டுக்கு நடந்துபோகிற தூரம்தான் என்பதால் மீன் குழம்பு டப்பா நின்றுபோகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருக்கும். தொம்மலூர் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். கறுத்து, ஒல்லியாக, கையில் துணியால் கட்டிய சின்ன மூட்டையோடு. வடக்கு மாவட்டத்துச் சோளப் பண்ணையின் தலைவர் என்று அறிமுகம் செய்துகொண்டார். போனில் கேட்ட குரல். மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் இப்போது இங்கே இல்லை என்று சொல்லி, ஆட்டோவில் ஈஜிபுராவுக்கு அழைத்துப்போனேன். வழியெல்லாம் அவர் மூட்டையை மடியிலேயே வைத்திருந்தார். உள்ளே சோள மாவு, அவர்கள் தேர்ந்தெடுத்த ரகத்தில் அரைத்தது.

ஷூவும் புடவையுமாக எழுந்து வந்தவரைப் பார்த்ததும் பண்ணைத் தலைவருக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிய அதிகாரியாக நினைத்துக்கொண்டிருந்தாராம். மூட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். இணைக்கிற பண்ணைகளை முடிவு செய்யும் கூட்டத்தில் ரிட்டையர்டு பேராசிரியர் ஒருவர் இருந்தார். அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ‘இந்தக் கோடு என்ன?’ என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் பதில் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒருவரை அனுப்பினார்கள். வந்தவர் ஒரு பகல் முழுக்க வயலில் நின்றார். பண்ணையை இணைக்கும் பேச்சு அதோடு போயிற்று.

“சைபர் இருந்திருந்தா யாரும் கேட்டிருக்கமாட்டாங்க மேடம்” என்றார். “கோடு இருந்ததால கேட்டாங்க.”

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். இதற்காகத்தானே எல்லாம். ஆனால் அவர் மூட்டையைத் தொடக்கூட இல்லை.

“கோடு போட்டிருந்த மத்த பண்ணைங்க?”

“எல்லாரும் தப்பிச்சாங்க மேடம். போய்ப் பாத்து விட்டுட்டாங்க.”

“அப்ப எதையுமே இணைக்கலையா?”

வந்தவர் தயங்கினார். “எங்களுக்குத் தெற்கே செம்மறி ஆட்டுப் பண்ணை ஒண்ணு இருந்தது. அது போயிடுச்சு. அவங்க சைபர்னு எழுதியிருந்தாங்க.”

“ஆமா, எழுதியிருந்தாங்க. காலியா விடல. அவங்க கையாலயே சைபர் போட்டிருந்தாங்க.” அவர் குரல் இறங்கியது. “அதனால போன் பண்ணல. எழுதினதை நம்பிட்டேன். உண்மையிலேயே அங்க ஒண்ணும் நடக்கலையா?”

“அதெப்படி மேடம். நாங்க கூலின்னு நினைச்சோம், அவங்க தீவனம்னு நினைச்சிருப்பாங்க. அங்க இருந்தவர் இப்ப சொந்த ஊருக்குப் போயிட்டார். நம்பர் என்கிட்ட இருக்கு.”

அவர் போனை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். “அக்கா, முடிஞ்சு போனதுதான. இப்ப கேட்டு என்ன ஆகப்போகுது? அவருக்கும் சங்கடம்.”

“தெரியல எடிட்டர். கேட்டாத்தான் தெரியும்.”

ஸ்பீக்கரில் மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தவர் வயதானவர். யார் பேசுவது என்று புரியவைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அவரும் நான் கேட்டதையே கேட்டார்.

“இப்ப சொல்லி என்னம்மா பிரயோஜனம்? ஆடெல்லாம் ஏலத்துல போயிடுச்சு.”

“திருப்பிக் கொண்டுவர என்னால முடியாது ஐயா” என்றார் அவர் கன்னடத்தில். “ஆனா உங்க பண்ணைல ஆராய்ச்சியே நடக்கலைன்னு என் அட்டவணை சொல்லுது. அது பொய்னா, பொய்னு தெரியணும். நாளைக்கு யாராவது அந்தப் பக்கம் திரும்பப் பண்ணை வைக்கலாமான்னு பழைய புத்தகத்தை எடுத்துப் பாப்பாங்க.”

பெரியவர் போனை வைத்துவிட்டார் போல என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். அக்கா போனை அணைக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

“தண்ணி கம்மியா குடிச்சும் எடை குறையாத ஆடு வேணும்னு ஆரம்பிச்சோம்மா” என்றார் பெரியவர். “முதல்ல ஒரு கிடா, கொஞ்சம் பெட்டைங்க. எங்க ஆளுங்க ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருந்தாங்க. எது எதோட குட்டின்னு பேர் சொன்னாத்தான் அவங்களுக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் சொல்லணுமா?”

“சொல்லுங்க ஐயா. முதல் ஆட்டுல இருந்தே சொல்லுங்க.” காலால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். “மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்.”